உகந்தை முதல் கதிர்காமம் வரை காட்டுவழி: சாமான், சாப்பாடு, தண்ணீர் எவ்வளவு கட்டுவது?

வெள்ளவத்தை_நடை:
வணக்கம். நாங்கள் நாலு பேர், கொழும்பிலிருந்து முதல் தடவை. உகந்தை முருகன் கோயிலில் சேர்ந்து, குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் வரை யாத்திரையாக நடக்கிற திட்டம். ஐந்து நாள் நடை, ஒரு நாள் கைவசம். ஒருவருக்கு 58 வயது, நீரிழிவு, இன்சுலின் போடுகிறார்.

சாமான் பட்டியல் தேடியபோது கிடைத்தது அமெரிக்க மலைக்காட்டு வேட்டைக்காரர்களுடையதுதான். அதன்படி சேர்த்தால் 65 லீற்றர் முதுகுப்பை, இரட்டைத் துணிக் கூடாரம், தூங்கும் பை, குட்டிக் காஸ் அடுப்பு, வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவுப் பைக்கற், பம்பு வடிகட்டி, 2 லீற்றர் தண்ணீர்ப் பை. தராசில் ஆளுக்கு 17 கிலோ வருகிறது. எதை வெட்டுவது, எதைக் கூட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_பாதயாத்திரை:
தம்பி, அந்தப் பட்டியல் பிழையில்லை, இடம்தான் வேறு. அது குளிர்மலைக்கு எழுதினது. அங்கே அரைமணிக்கு ஒரு ஓடை வரும், ஆகவே 2 லீற்றர் போதும். இரவில் உறையும், ஆகவே தூங்கும் பை வேணும். சுட்ட மிருகத்தின் இறைச்சியைச் சுமக்கத்தான் அவ்வளவு பெரிய பை. நாங்கள் போவது ஆடிவேல் விழாக் காலத்துக் கிழக்குக் கரைக்கு. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம், நிலம் வெடித்துக் கிடக்கும், வெயிலில் நிழலே அரிது. இரண்டும் தேசியப் பூங்கா, வேட்டையோ ஆயுதமோ அறவே கிடையாது. யாத்திரை விரதத்தில் மச்சமும் இல்லை.

வழி இப்படி வரும்: உகந்தை, வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், கதிர்காமம். குமுக்கன் ஆறுதான் குமணவுக்கும் யாலவுக்கும் எல்லை. அதில் சில வருடம் முழங்காலளவு ஓடும், சில வருடம் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கவேணும். "ஆறு" என்று பெயர் இருக்கிற இடமெல்லாம் ஆறு இருக்கும் என்று நம்பி நடக்கக் கூடாது.

ஆகவே முதலில் தண்ணீரைக் கணக்குப் பாருங்கோ, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வெயிலில் சுமையோடு நடக்கிறவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் போகும். நாளுக்கு 6 மணிநேர நடை என்றால் 3 முதல் 4.5 லீற்றர் நடையிலேயே முடியும். தங்குமிடத்தில் குடிக்க, சமைக்க இன்னும் 2 லீற்றர். காலையில் புறப்படும்போது முதுகில் ஆளுக்கு 4 லீற்றருக்குக் குறையாமல் இருக்கவேணும். 4 லீற்றர் என்றால் 4 கிலோ, அதில் எதையும் வெட்ட ஏலாது. மிச்சச் சாமானெல்லாம் சேர்ந்து 7 கிலோவுக்குள் வரட்டும். கூடாரமும் தூங்கும் பையும் முதலில் வெளியே.

உணவையும் தண்ணீரை வைத்துத்தான் தெரிவு செய்யவேணும். அந்த உலர் உணவுப் பைக்கற் ஒவ்வொன்றும் அரை லீற்றர் வரை கொதிநீர் குடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு சாப்பிட்டால் நடையில் இரண்டு மணிநேரத் தண்ணீர் போச்சு.

மருதானை_நிரோஷ்:
இராணுவமும் தொண்டர்களும் தங்குமிடங்களில் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்களே, அன்னதானமும் இருக்கிறதே. அப்படியிருக்க 4 லீற்றர் சுமப்பது வீண் பாரம் என்று நினைக்கிறேன். 2 லீற்றரோடு போகிறவர்கள்தான் அதிகம்.

கொட்டாஞ்சேனை_பாதயாத்திரை:
நிரோஷ், தாங்கி வைக்கிறார்கள், அது பெரிய புண்ணியம். ஆனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினால் மத்தியானத்துக்குள் வற்றும். அடுத்த பவுசர் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. தாங்கி இருப்பதும் தங்குமிடத்தில், இரண்டு தங்குமிடத்துக்கு நடுவில் இல்லை. தலைச்சுற்றும் வாந்தியும் வருவது அந்த நடுவழியில்தான். தாங்கியில் தண்ணீர் இருந்தால் நிரப்புங்கோ, இல்லாவிட்டாலும் அடுத்த இடம் வரை போகக் கையில் இருக்கவேணும். அன்னதானமும் அப்படித்தான்: கிடைத்தால் உங்கள் உணவு மிச்சம், கிடைக்காவிட்டால் பட்டினி இல்லை. அன்னதானத்தை நம்பி வெறுங்கையோடு வருகிறவர்கள் வரிசையில் இருக்கிற முதியவர்களின் பங்கைத்தான் எடுக்கிறார்கள்.

தறப்பாள்_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். போத்தல் விசயத்தில் ரெண்டு வார்த்தை, இதில் ஆட்கள் பிழை விடுறாங்க.

கடையில் விக்கிற 5 லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தல் காட்டுக்குச் சரிவராது. பிளாஸ்டிக் மெல்லிசு, மணலில் நாலுதரம் வச்செடுத்தா அடி மூலையில் மயிர் போல வெடிக்கும். கைப்பிடியும் விரலை வெட்டும். சோடா வாற 1.5 லீற்றர் போத்தல்தான் தோதானது. கேஸ் அழுத்தத்தைத் தாங்கத்தான் அதைக் கனமாச் செய்றது. நிறையும் அதிகமில்ல. ஆளுக்கு அப்படி மூணு, 4.5 லீற்றர் ஆச்சு. ஒண்டு ஒழுகினாலும் ரெண்டு மிஞ்சும். போறதுக்கு முந்தின இரவு நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய பேப்பருக்கு மேல தலைகீழா வைங்க. விடிய பேப்பர் நனைஞ்சிருந்தா அந்த மூடியை எறிங்க.

பெயின்ற், கெமிக்கல் வந்த கானை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணிக்குப் பாவிக்க வேணாம். பிளாஸ்டிக் வாசத்தை உள்ளுக்கு இழுத்திடும், வெயிலில் திரும்ப விடும்.

கூடாரத்துக்குப் பதிலா தறப்பாள். பழைய சோனகத் தெருவில நெய்த பிளாஸ்டிக் தறப்பாள் பல கனத்தில இருக்கு. சதுர மீற்றருக்கு 100 கிராம் எண்டதைக் கேளுங்க. 3க்கு 4 மீற்றர் துண்டு 1.2 கிலோதான் வரும், நாலு பேருக்குத் தாராளம். 200 கிராம் தறப்பாள் லொறிக்குச் சரி, முதுகுக்குச் சரிவராது.

அடுக்களை_தெஹிவளை:
நானா, தறப்பாள் மூலையில் கயிறு கட்ட இருக்கிற கண் பிய்ந்துபோகிறதே, காற்று கடுமையாக அடித்தால்?

தறப்பாள்_நானா:
கண்ணில கயிறு கட்டாதீங்க தங்கச்சி. அந்த அலுமினிய வளையம் மெல்லிசு, ஒரு இரவுக் கச்சான் காத்துக்கே உருவிக்கொண்டு வந்திடும். கொட்டைப்பாக்களவு உருண்டைக் கல் ஒண்டை எடுங்க. மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளுக்குத் தள்ளி, தறப்பாளுக்கு அடிப்பக்கம் கல்லை வைங்க. மேலால தறப்பாளைச் சுத்திப் பிடிச்சா கல் ஒரு குடுமி மாதிரி நிக்கும். அந்தக் குடுமியின்ர கழுத்தில கயிறைச் சுருக்குப் போட்டு இறுக்குங்க. எவ்வளவு இழுத்தாலும் கல் கயிறைத் தாண்டி வராது, தறப்பாளும் கிழியாது. விரும்பின இடத்தில புதுக் கண் போட்ட மாதிரி. கயிறு 4 மில்லிமீற்றர் நைலோன் 15 மீற்றர் போதும். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், முடிச்சு நிக்காது.

மருந்தகம்_சுபா:
தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை.

கலங்கல் தண்ணீரில் நேரே குளோரின் போட்டால் வேலை செய்யாது. குளோரினைச் சேறே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் தெளிய வையுங்கள். பழைய பருத்திச் சேலைத் துண்டை எட்டாக மடித்து அதில் வடியுங்கள். பிறகும் கலங்கலாக இருந்தால் தேத்தாங்கொட்டை. ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில் கேபோஸ் ஒழுங்கை மருந்துச் சரக்குக் கடைகளில் சிங்களத்தில் இங்கினி என்று கேட்டாலும் தருவார்கள். சொரசொரப்பான கல்லில் சில துளித் தண்ணீர் விட்டுக் கொட்டையை உரசினால் சந்தனம் போல் குழம்பு வரும். அதைத் தண்ணீரில் கலக்கி அசையாமல் வையுங்கள். சேறு திரண்டு அடியில் இறங்கும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தெடுக்க வேண்டும். இது தெளிய வைக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது.

தெளிந்த பிறகு குளோரின் மாத்திரை. வாங்கும்போது ஒரு மாத்திரை எத்தனை லீற்றருக்கு என்று உறையில் பாருங்கள், 1 லீற்றருக்கும் 20 லீற்றருக்கும் வெவ்வேறு மாத்திரைகள் உண்டு. மாத்திரை கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 வீதக் குளோரின் வெளிற்றித் திரவம் லீற்றருக்கு 2 துளி. 30 நிமிடம் பொறுக்கவும். மூடியைத் திறந்தால் இலேசான குளோரின் மணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் 2 துளி, இன்னும் 15 நிமிடம்.

இங்கே பலர் விடும் பிழை: மணம் பிடிக்கவில்லையென்று உடனே தேசிக்காய் பிழிந்துவிடுவார்கள். தேசிக்காயில் உள்ள விற்றமின் சி குளோரினை முறித்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். தேசிக்காய், சர்பத் தூள், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) எல்லாம் அந்த 30 நிமிடம் முடிந்த பிறகுதான்.

கொதிக்க வைப்பதென்றால் தளதளவென்று ஒரு முழு நிமிடம் கொதித்தால் போதும். கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பாக இருக்கும். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் மாத்திரை போட்டாலும் உப்புப் போகாது. அந்தத் தண்ணீர் கைகால் கழுவ மட்டும்.

பம்பு வடிகட்டி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் குளத்துச் சேற்றில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 40 மாத்திரை ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

உப்பு முக்கியம். வியர்வையோடு உப்புப் போக, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும். பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஜீவனிப் பைக்கற் வையுங்கள். தீர்ந்தால் 1 லீற்றருக்கு மட்டமான தேக்கரண்டியால் 6 கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. நீரிழிவுக்காரர் இதைச் சும்மா குடிக்கக் கூடாது, வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தை_நடை:
நன்றி அக்கா. இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது? ஐஸ் பெட்டி வைத்தால் ஒரு நாளில் உருகிவிடும்.

மருந்தகம்_சுபா:
ஐஸ் வேண்டாம் தம்பி. ஐஸில் நேரே பட்டு உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும், பார்வைக்குத் தெரியாது. பாவனையில் உள்ள பெரும்பாலான இன்சுலின் 30 பாகைக்குள் நாலு கிழமை வரை தாங்கும். உங்களுடையதின் உறையையும் பாருங்கள். பகலில் அந்தக் காட்டில் 30ஐத் தாண்டும், ஆகவே ஆவியால் குளிர வைக்க வேண்டும். இன்சுலின் பேனாவைத் தண்ணீர் புகாத சிறு பையில் போட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படுகிற மாதிரிப் பையின் நிழல் பக்கம் தொங்கவிடுங்கள். துணி காயக் காயக் கொஞ்சம் நனைத்தால் போதும். பைக்குள் இறுக்கி மூடினால் ஆவி போகாது, பலனும் இல்லை. பேனா இரண்டு, இரண்டு பேரின் பையில்.

நீள நடையில் சர்க்கரை கீழே இறங்கும். வழமையான அளவை அப்படியே போட்டால் நடுவழியில் மயங்கலாம். அளவைக் குறைப்பது பற்றி இப்போதே அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். சர்க்கரை பார்க்கும் மானியும் சோதனைக் குச்சிகளும் கட்டாயம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் இருத்தி வைத்துத் திரும்பச் சோதனை. குளுக்கோஸ் அவருடைய சட்டைப் பையில் இருக்கட்டும், முதுகுப்பை அடியில் வேண்டாம். அவர் வெறுங்காலோடு நடப்பதும் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது.

எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எல்லோருமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்களை_தெஹிவளை:
சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, எல்லாம் காய்ந்த நிறை:

காலை: வறுத்த சத்துமா 100 கிராம், சீனி 25.
மத்தியானம்: அவல் 100, பனங்கட்டி 40, வறுத்த கச்சான் (நிலக்கடலை) 60.
இரவு: அரிசி 120, மைசூர்ப் பருப்பு 50, சோயா 30, தேங்காய்ப்பால் மா 25.
நடையில் கொறிக்க: பயற்றம் உருண்டை 80.
தேத்தண்ணிக்குச் சீனி 40.

கூட்டினால் 670 கிராம், ஏறத்தாழ 2,700 கலோரி. ஆறு நாளுக்கு 4 கிலோ. நீரிழிவு உள்ளவருக்குச் சீனியையும் பனங்கட்டியையும் எடுத்துவிட்டுக் கச்சானும் பருப்பும் கூட்டலாம், அதையும் வைத்தியரிடம் காட்டுங்கோ. பருப்பும் அவலும் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவு.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. அரிசியும் பருப்பும் இங்கேயே கழுவி, மொட்டைமாடியில் துணி விரித்து நல்லாகக் காயவைத்துக் கட்டுங்கோ. காட்டில் அரிசி களைகிற தண்ணீர் ஒரு நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் போகும். அது நாலு பேர் ஒரு மணிநேர நடையில் குடிக்கிற தண்ணீர். காய்ந்தது கையில் அள்ளினால் ஒட்டாமல் சலசலவென்று விழவேணும். ஈரம் இருந்தால் இரண்டாம் நாளே பூஞ்சணம். கஞ்சி வடிக்கவும் வேண்டாம், அரிசியின் நிறைக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் அளந்து ஊற்றி, மூடி, வற்ற விடுங்கோ.

பயற்றம் உருண்டைக்குத் தேங்காய்ப்பூப் போடுவதென்றால் செம்மையாக வறுத்துப் போடவேணும். பச்சைத் தேங்காய்ப்பூப் போட்டால் வெயிலில் சிக்கு மணம் வரும். சந்தேகமென்றால் தேங்காயே இல்லாமல் பிடியுங்கோ. பாண் கொண்டுபோகாதீர்கள், முதுகில் நசிந்து மூன்றாம் நாள் பூஞ்சணம். தேசிக்காய் ஊறுகாய் ஒரு சின்னப் போத்தல் கட்டாயம். வெயிலில் வாய் கசந்து சாப்பாடு இறங்காதபோது அதுதான் சோற்றை இறக்கும், உப்பும் சேரும்.

மருதானை_நிரோஷ்:
அடுப்பே இல்லாமல் போனால் என்ன? அவலும் சத்துமாவும் மட்டும். சட்டி, விறகு, நேரம் எல்லாம் மிச்சம்.

அடுக்களை_தெஹிவளை:
இரண்டு நாளுக்குச் சரி. மூன்றாம் நாள் மனம் வெறுத்துப்போகும், சாப்பாட்டைக் குறைப்பார்கள், நாலாம் நாள் கால் இழுக்கும். இரவில் ஒரு நேரம் சூடான சோறும் பருப்பும் இருந்தால் ஆள் எழும்பி நடப்பான். ஆனால் நாலு பேருக்கு ஒரே சட்டி, ஒரே சமையல். தனித்தனி அடுப்பு வேண்டாம். அனுமதித்த தங்குமிடத்தில் மட்டும் மூட்டவேணும், அந்தக் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். காஸ் தகரத்தைப் பஸ்ஸில் ஏற்றுவதும் சரியில்லை. மூன்று கல், கீழே விழுந்த காய்ந்த விறகு. அடுப்பில் வைக்கமுன் சட்டியின் வெளிப்பக்கம் முழுக்கச் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசுங்கோ. கரி அதன்மேல்தான் பிடிக்கும், மணலால் ஒருதரம் தேய்த்தால் சவர்க்காரத்தோடு உரிந்துவரும். ஒரு கோப்பைத் தண்ணீரில் சட்டி கழுவி முடியும்.

கொட்டாஞ்சேனை_பாதயாத்திரை:
அக்கா சொன்னதோடு ஒன்று. சமைத்த இடத்தில் படுக்காதீர்கள். யானைக்கு உப்பும் தானியமும் பழமும் தூரத்திலிருந்தே மணக்கும். வாழைப்பழச் சீப்பு, பலாப்பழம் எதையும் காட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். உணவுச் சாக்கைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது மிக ஆபத்து. படுக்கையிலிருந்து தள்ளி, எல்லோரும் வைக்கிற பொது இடத்தில் வையுங்கோ. மோட்டை, குளம் ஓரத்திலும், அகலமாகத் தேய்ந்த ஒற்றைத் தடத்திலும் தறப்பாள் கட்டக் கூடாது, இரவில் அது அவற்றின் வழி. குமுக்கனிலும் மாணிக்க கங்கையிலும் முதலை உண்டு. குனிந்து மொள்ளாமல், 3 மீற்றர் கயிற்றில் சின்ன வாளி கட்டி எறிந்து எடுங்கோ.

காலுக்கு: புதுச் சப்பாத்து வேண்டாம். விரல் மூடின, பழகின செருப்பும் மெல்லிய காலுறையும் மணலுக்கு நல்லது. வெறுங்கால் நேர்த்தி உள்ளவர்கள் இரண்டு மாதம் முன்பே கல்கிசைக் கடற்கரை மணலில் காலை, பின்னேரம் நடந்து தோலைப் பழக்கவேணும். சுடுகிற மாதிரித் தேய்வு தெரிந்தவுடன், கொப்புளம் வருமுன்பே பிளாஸ்டர். "அடுத்த இடத்தில் பார்ப்போம்" என்றால் அடுத்த இடத்தில் தோல் இருக்காது. முள் எடுக்கச் சாமணமும் இரண்டு ஊசியும். உண்ணி கடித்தால் அதே சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கோ. நெருப்பால் சுடுவது, எண்ணெய் விடுவது வேண்டாம். அக்குள், இடுப்புக் கட்டு, காதுக்குப் பின்பக்கம் ஒவ்வொரு இரவும் பார்க்கவேணும்.

வெள்ளவத்தை_நடை:
எல்லோர் சொன்னதையும் வைத்துத் திரும்பக் கட்டி நிறுத்தேன். ஆளுக்கு: 40 லீற்றர் பை 1.2 கிலோ. உணவு 4. தறப்பாள், சட்டி, கயிறு, வாளியில் பங்கு 0.8. சாரம், ஒரு மாற்றுடுப்பு, துவாய், போர்வை 1.1. நுளம்புவலை 0.3. மருந்து, டோர்ச், பவர் பாங்க் 0.7. இதுவே 8.1. தண்ணீரோடு 12.6 கிலோ. சொன்ன அளவைவிடக் கூட.

கொட்டாஞ்சேனை_பாதயாத்திரை:
உணவு நாளுக்கு 670 கிராம் குறையும், ஆகவே முதல் நாள் மட்டும்தான் அந்தப் பாரம். இருந்தாலும் 12.6 கூட. ஒரே ஒரு ஆளின் பவர் பாங்க் போதும், காட்டுக்குள் சிக்னல் தேடித்தேடித்தான் போன் சாகும், அணைத்து வையுங்கோ. போர்வைக்குப் பதில் இரண்டாவது சாரம். பையையும் 30 லீற்றராக்குங்கோ, பெரிய பையில் இடம் இருந்தால் ஏதாவது ஏறும்.

அடுக்கும்போது தண்ணீர்ப் போத்தல் இரண்டு முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில். அடியில் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும், நீங்கள் குனிந்து நடப்பீர்கள், இரண்டாம் நாள் இடுப்புப் பிடிக்கும். மூன்றாவது போத்தல் கைக்கு எட்டுகிற வெளிப்பையில். எடுக்கக் கஷ்டமான தண்ணீரை ஆட்கள் குடிக்காமலே நடப்பார்கள். முழுப் பைக்கும் உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் உறை போடுங்கோ, ஆறு கடக்கும்போது மா நனைந்தால் எல்லாம் போச்சு. அந்தப் பொலித்தீனும் வெறும் போத்தலும் கதிர்காமம் வரை உங்களோடுதான் வரவேணும்.

வெள்ளவத்தை_நடை:
கழித்தேன், 11.3. அண்ணை, யாத்திரிகர்களுக்குக் காட்டுவாசல் திறக்கிற திகதி எப்போது தெரியும்?

கொட்டாஞ்சேனை_பாதயாத்திரை:
கதிர்காமக் கொடியேற்றத்தை வைத்து வருடாவருடம் மாறும். மாவட்டச் செயலக அறிவித்தல் வந்த பிறகு பொத்துவில் பஸ்ஸுக்குப் பதியுங்கோ. அதுவரை அந்த 11.3 கிலோவையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் மணலில் இரண்டு மணிநேரம். போத்தலை நிரப்பியே தூக்குங்கோ.

தறப்பாள்_நானா:
தறப்பாளை வீட்டு மாடியிலேயே ஒருக்கா இருட்டில கட்டிப் பாருங்க தம்பி. கல்லை மறக்காம இங்க இருந்தே ஆறு கொண்டு போங்க, அந்த மணல் வெட்டையில உருண்டைக் கல் தேடிக் கிடைக்காது.